காற்றாலை பிளேடுக்கு நான் கட்டிய வரவேற்பு வளைவு

காலியான இடத்தைக் கண்டால் பந்தல்காரனுக்குக் கை அரிக்கும். எங்கள் தொழிலில் எல்லோருக்கும் இருக்கிற வியாதி இது. ஒரு தெரு முக்கு சும்மா கிடந்தால் போதும், இரண்டு பக்கமும் கம்பை நட்டு, மேலே வளைவு கட்டி, சீரியல் லைட்டை ஓடவிட்டு, 'வருக வருக' என்று எழுதினால்தான் சோறு இறங்கும். வருகிறவர் யார் என்பதெல்லாம் அப்புறம். இந்த வியாதி முற்றிப்போய், என் குடும்பத்தை ஒன்று சேர்க்க வந்த வண்டியை நானே வழிமறித்து நின்றேன்.

என் மனைவி கோமதி அப்போது கோயம்புத்தூரில் இருந்தாள். காற்றாலைகளின் பிளேடுகளை, அதாவது அந்தப் பெரிய இறக்கைகளை, பழுது பார்க்கிற கம்பெனியில் இன்ஜினீயர். நான் தென்காசியில் பந்தல், மேடை, அலங்காரம். 'கொஞ்ச நாள்தான், சமாளிச்சுக்கிடலாம்' என்று கல்யாணத்தின்போது பேசிக்கொண்டோம். அந்தக் கொஞ்ச நாளுக்குள் மகள் பிறந்து, தவழ்ந்து, நடந்து, பேசவும் ஆரம்பித்துவிட்டாள். அதையெல்லாம் நான் பெரும்பாலும் போனில்தான் பார்த்தேன். ஒருமுறை விடியற்காலை பஸ்ஸில் போய் இறங்கிக் கதவைத் தட்டினால், குழந்தை என்னைத் தாண்டி ஓடி, கட்டிலில் கிடந்த போனை எடுத்து "அப்பா!" என்று முத்தம் கொடுத்தது. எல்லோரும் சிரித்தோம். திரும்பி வரும்போது பஸ்ஸில் அழுதேன். (பக்கத்து சீட்டுக்காரர் ஜன்னலை மூடிவிட்டார். தூசி விழுந்ததாக நினைத்திருப்பார்.)

எங்கள் வட்டாரத்துக்குக் காற்றாலைத் தொழிலைக் கொண்டுவரும் முயற்சி அந்தச் சமயத்தில்தான் சூடு பிடித்தது. காற்று எங்களுக்குப் புதிதில்லை. குற்றாலச் சீசன் வந்தால் செங்கோட்டைக் கணவாய் வழியாக அடிக்கிற காற்றில் சைக்கிள் மிதித்தால் சைக்கிள் பின்னால் போகும். ஊருக்குக் கிழக்கே காடெல்லாம் காற்றாலைதான். ஆனால் ஒரு பிளேடில் விரிசல் விட்டால் அதைச் சரி செய்ய வேற்றூருக்கு ஓட வேண்டும். "காத்து நம்ம ஊரு, சம்பளம் மட்டும் அடுத்த ஊரா?" என்று கேட்டுக்கொண்டு எழுந்தவர் எங்கள் ரைஸ்மில் அண்ணாச்சி. ஊர் வியாபாரிகளைச் சேர்த்து ஒரு தொழில் வளர்ச்சிக் குழு அமைத்து, அவரே தலைவரும் ஆனார். பந்தல் தேவைப்படும் என்பதால் என்னையும் உறுப்பினராகச் சேர்த்தார்கள்.

கோமதியின் கம்பெனி தெற்கே ஒரு பழுது பார்க்கும் பட்டறை போட இடம் தேடுகிறது என்ற தகவலைக் குழுவில் சொன்னவன் நான்தான். அதற்குப் பிறகு அந்தக் கம்பெனியின் மேனேஜருக்கு நாங்கள் செய்த உபசாரத்தை மாப்பிள்ளைக்குக்கூட யாரும் செய்ய மாட்டார்கள். குற்றாலம் ஐந்தருவியில் குளிப்பாட்டினோம். புளியறை ரோட்டில் பரோட்டா வாங்கிக் கொடுத்தோம். எண்ணெய் மசாஜ் செய்கிறவரிடம் ஒப்படைத்ததில், மனிதர் ஒரு நாள் முழுக்கக் கழுத்தைத் திருப்பாமல் உடம்போடு சேர்த்தே திரும்பினார். ஒல்லியான, அமைதியான மனிதர். எல்லாவற்றையும் அனுபவித்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்.

"எல்லாஞ் சரிங்க. பிளேடு வந்து சேருமாங்க?"

நியாயமான கேள்விதான். ஒரு பிளேடு நான்கைந்து பஸ்களை வரிசையாக நிறுத்தின நீளம் இருக்கும். நடுவில் மடக்க முடியாது. அதனால் ஓர் ஒத்திகை ஏற்பாடானது. கிழக்கே ஒரு காற்றாலையிலிருந்து இறக்கிய பழைய பிளேடை டிரெய்லரில் ஏற்றி, ஊர் வழியாக, செங்கோட்டை ரோட்டில் நாங்கள் காட்டிய இடத்துக்குக் கொண்டு வருவார்கள். வந்து சேர்ந்தால் பட்டறை தென்காசிக்கு. சிக்கிக்கொண்டால் வேறு மாவட்டத்துக்கு. வழிக்குப் பொறுப்பு கோமதி. பட்டறை இங்கே வந்தால் அவளுக்கும் இங்கேயே மாற்றல். அப்புறம் என் மகள் போனுக்கு முத்தம் கொடுக்க வேண்டியதில்லை.

கம்பெனி ஆடியில் வருகிறேன் என்றது. "ஆடியில நல்ல காரியமா?" என்று குழு மொத்தமும் பதறி, ஆனிக் கடைசிக்கு இழுத்தது. கோமதி வந்து வழி முழுக்க நடந்தே பார்த்தாள். அவள் சொன்னபடியெல்லாம் ஊர் கேட்டது. தொங்கிய மின்கம்பிகளை உயர்த்திக் கட்டினார்கள். கிளைகளைக் கழித்தார்கள். முக்கில் டீக்கடை வைத்திருப்பவர், பக்கத்துக் கடைக்காரர் தன் கூரையைத் தொட்டாலே சண்டைக்குப் போகிறவர். அவரே தன் முன்கூரையைப் பிரித்து உள்ளே வைத்தார். ஊரே சாலையிலிருந்து எதையாவது எடுத்துக்கொண்டிருந்தது.

கோமதி திரும்பிப் போகும்போது என்னிடம் சொன்னாள். "ஏங்க, ரோட்டுல புதுசா ஒண்ணும் வந்திராம மட்டும் பாத்துக்கிடுங்க."

"நான் பாத்துக்கிடுதேன். நீ நிம்மதியாப் போ" என்றேன்.

பார்த்துக்கொண்டேன். நான் கட்டியது ரோட்டில் இல்லை. ரோட்டுக்கு மேலே. (அன்றைக்கு என் மூளை இந்த வித்தியாசத்தை வெகு தெளிவாக எனக்கு எடுத்துச் சொன்னது.)

என் மனைவி பொறுப்பில் என் ஊருக்குள் வருகிற வண்டி. அதற்கு ஒரு வரவேற்பு வளைவுகூட இல்லையென்றால் நான் என்ன பந்தல்காரன்? எந்தப் பந்தல்காரனும் வளைவை முக்கில்தான் கட்டுவான். அங்கேதான் இரண்டு ரோட்டுக்காரரும் பார்ப்பார்கள். குற்றாலம் போகிற வண்டியும் புளியறை போகிற லாரியும் பிரிகிற முக்கைத் தேர்ந்தெடுத்தேன். அண்ணாச்சியிடம் சொன்னதும் அவர் கண் கலங்கிவிட்டது. "நீதாம்லே ஊர்ப்பற்று உள்ளவன்" என்று சொல்லி, தான் கைகூப்பி நிற்கிற போட்டோ ஒன்றையும் ஃபிளெக்ஸுக்கு அனுப்பி வைத்தார். கோமதிக்குச் சொல்லவில்லை. வந்து பார்த்து அசந்துபோகட்டும் என்று விட்டுவிட்டேன்.

கண்ணை மூடிக்கொண்டு கட்டவில்லை, சோதனை எல்லாம் செய்தேன். வைக்கோல் பாரம் ஏற்றிய லாரி ஒன்றை மறித்து, டிரைவரைக் கெஞ்சி, வளைவுக்கு அடியில் போகவும் வரவும் விட்டேன். ஒரு துரும்பு உதிரவில்லை. "வைக்கலே போவுது, வழுவழுன்னு இருக்க பிளேடு போவாதா?" என்று என் ஆட்களிடம் மார் தட்டினேன். சீசன் காற்றுக்கு விழுந்துவிடக் கூடாதே என்று சவுக்குத் தூண்களை ஆழமாகக் குழி தோண்டி நட்டு, நான்கு பக்கமும் கம்பி இழுத்து, கயிற்றை முடிச்சுக்கு மேல் முடிச்சாகப் போட்டேன். எந்தக் காற்றுக்கும் அசையாது என்று சொல்லி என் ஆட்களை ஐந்தருவிக்குக் குளிக்க அனுப்பிவிட்டு, நான் புது வேட்டி சட்டை கட்டிக்கொண்டு வந்து நின்றேன்.

காலையில் மேளம் முழங்க டிரெய்லர் வந்தது. மெல்லிய சாரல், நல்ல காற்று. பெண்கள் ஆரத்தித் தட்டோடு வந்தார்கள். அங்கேயே ஒரு தகராறு. ஆரத்தி முகத்துக்குத்தானே எடுக்க வேண்டும், பிளேடுக்கு முகம் எந்தப் பக்கம்? பருத்த பக்கம்தான் முகம் என்று ஒரு கட்சி, கூரான பக்கம்தான் மூக்கு, அதனால் அதுதான் முகம் என்று இன்னொரு கட்சி. கடைசியில் இரண்டு பக்கமும் சந்தனம் வைத்தார்கள். டயருக்கு ஓர் எலுமிச்சம்பழம் என்று வைக்கப்போய், அத்தனை டயரைப் பார்த்ததும் பூசாரி மலைத்து, முன் டயரோடு நிறுத்திக்கொண்டார்.

டிரெய்லருக்கு முன்னால் ஹெல்மெட்டும் விசிலுமாக நடந்து வந்த கோமதி நிமிர்ந்து பார்த்தாள். நான் எதிர்பார்த்தபடியே அசந்துபோனாள்.

"இது என்னது?"

"வளைவு" என்றேன் சிரித்துக்கொண்டே. "எப்படி இருக்கு?"

அவள் டிரைவரைப் பார்த்துக் கையை உயர்த்தினாள். அவர் நிறுத்துவதற்குள் வண்டியின் முன்பக்கம் வளைவுக்கடியில் சுகமாக நுழைந்து முக்கில் திரும்ப ஆரம்பித்திருந்தது. அப்போதுதான் எனக்கு உலகம் புரிந்தது. வைக்கோல் லாரி ரோட்டோடு திரும்பும். பிளேடு அப்படித் திரும்பாது. தலை வலப்பக்கம் போகப் போக, அதன் வயிறு வலது தூணை நோக்கி நகர்ந்தது. கோமதி விசிலடித்தாள். தூணுக்கும் பிளேடுக்கும் நடுவே ஒரு கை நுழையும் இடைவெளியில் வண்டி நின்றது.

முன்னால் போனால் உரசும். பின்னால் போகலாம் என்றால், பின்னால் தென்காசியே நின்றது. சீசன் கூட்டம் வேறு. கேரளா வண்டிகள், துண்டைத் தோளில் போட்ட வேன்காரர்கள், காய்கறி லாரிகள். ஹாரன் சத்தத்தில் மேளம் கேட்கவில்லை.

கோமதி என்னிடம் வந்தாள். கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். மெதுவாகத்தான் சொன்னாள். "ஊரே ரோட்டை ஒழிச்சுக் குடுத்துச்சு. நீங்க ஒரு ஆளு மட்டும் கட்டிருக்கீங்க."

என் ஆட்களுக்குப் போன் போட்டேன். போன் அடித்தது; அவர்கள் அருவிக்கு அடியில் இருந்தார்கள். கிளை வெட்டுகிற ரம்பத்தோடு கம்பெனி ஆள் ஒருவர் வந்து, "அறுத்துரவா?" என்றார். "இருங்க, நானே அவுக்கேன்" என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தூணில் ஏறினேன். சாரலில் நனைந்த கயிறு இறுகிப்போய்க் கிடந்தது. என் முடிச்சு எனக்கே அவிழவில்லை. நகம் பெயர்ந்ததுதான் மிச்சம். கணவாய்க் காற்று வேட்டியைத் தூக்கியது. ஒரு கை முடிச்சில், ஒரு கை வேட்டியில். கீழே ஊர் மொத்தமும் போனைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்தது.

"இறங்கி வாங்க" என்றாள் கோமதி. இறங்கினேன். ரம்பம் உறுமியது.

"ஏலே நிறுத்து!" என்று அண்ணாச்சி ஓடி வந்தார். "நாடா வெட்டாம வளைவை வெட்டுனா சகுனம் என்னத்துக்கு ஆவும்?" அவசர அவசரமாக அவர் கையில் கத்தரிக்கோலைக் கொடுத்தார்கள். பட்டறை இடத்தில் கட்ட வைத்திருந்த நாடாவை இரண்டு பேர் இழுத்துப் பிடிக்க, வெட்டினார். நாதஸ்வரக்காரர் பழக்கதோஷத்தில் கையை ஆட்ட, தவில்காரர் கெட்டிமேளம் கொட்ட, அந்தச் சத்தத்தில் என் தூண் அறுபட்டது. வேனிலிருந்து இறங்கிய ஆட்கள் கயிற்றைப் பிடித்து இழுக்க வந்தார்கள். பாதிப் பேர் குளிக்கப் போகிற அவசரத்தில் லாட்ஜிலேயே எண்ணெய் தேய்த்துக்கொண்டு வந்தவர்கள். கயிறு வழுக்கி வழுக்கிப் போனது. ஒருவழியாக வளைவு சாய்ந்தபோது, கும்பிட்ட கையோடு அண்ணாச்சியின் படம் டீக்கடை வாசலில் குப்புற விழுந்தது. கூட்டம் கைதட்டியது. நான் கட்டியதிலேயே கைதட்டல் வாங்கிய ஒரே வளைவு அதுதான்.

பிளேடு திரும்பியது. கீறல்கூட இல்லாமல் இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது. ஆனால் எல்லாம் போச்சு என்றே நான் முடிவு கட்டியிருந்தேன். பட்டறை போச்சு, மாற்றல் போச்சு, பெண்டாட்டியும் பிள்ளையும் கோயம்புத்தூரிலேயே இருந்துவிடுவார்கள் என்று தோன்றியது. மேனேஜர் எல்லோரையும் கூப்பிட்டார். குழு மொத்தமும் தலை குனிந்து நின்றது.

"ஏனுங்க, அந்த வளைவைக் கட்டுனது யாருங்க?"

அண்ணாச்சி வானத்தைப் பார்த்தார். கோமதிதான் சொன்னாள். "எங்க வீட்டுக்காரர் சார்."

மேனேஜர் என் பக்கம் திரும்பினார். பிறகு கழுத்தைத் தடவிக்கொண்டு சொன்னார். "நானும் பல ஊர்ல இந்த வேலை பாத்திருக்கேனுங்க. கம்பி தட்டும், மரம் தட்டும், வூட்டுக்காரங்க சண்டைக்கு வருவாங்க. இங்க வழி நெடுக ஒரு தொந்தரவும் இல்லீங்க. ஒரே தடங்கல் இவருதான். அதையும் அறுத்தாச்சு. அப்புறமென்ன, பட்டறையை இங்கயே போட்டுரலாங்க."

அறுத்துப் போட்ட என் தூணின் துண்டு ஒன்று டிரெய்லரில் கிடந்தது. அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். அவ்வளவு பெரிய மூச்சை அதற்கு முன்னும் பின்னும் நான் விட்டதில்லை. கோமதி பக்கத்தில் வந்து உட்கார்ந்து, ஹெல்மெட்டைக் கழற்றி என் தலையில் வைத்தாள். அதற்கப்புறம்தான் சிரிக்க ஆரம்பித்தாள். இன்னும் நிறுத்தவில்லை.

பட்டறை வந்தது. வாசுதேவநல்லூர், சிவகிரிப் பக்கத்துப் பிள்ளைகள்கூட அங்கே வேலைக்கு வருகிறார்கள். கோமதிதான் அங்கே பொறுப்பு. திறப்பு விழாவுக்குப் பந்தல் நான்தான் போட்டேன். வாசலிலிருந்து வெகு தூரம் தள்ளிப் போடச் சொன்னார்கள். வீட்டுக்கு யார் வந்தாலும் கோமதி என்னை ஒரே மாதிரிதான் அறிமுகப்படுத்துகிறாள். "இவுகதான் எங்க ரூட்டுல இருந்த ஒரே தடங்கல்." என் மாமனார் அதைக் கல்யாண வீடுகளிலும் சொல்லத் தொடங்கிவிட்டார்.

மகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த புதிதில் டீச்சர் கூப்பிட்டு அனுப்பினார். அம்மா அப்பா என்ன வேலை பார்க்கிறார்கள் என்று வகுப்பில் எல்லாப் பிள்ளைகளையும் கேட்டிருக்கிறார். "உங்க பொண்ணு ஒண்ணு சொன்னா சார், அதான் உங்களை நேர்ல பாத்துக் கேக்கலாம்னு..." என்று தயங்கினார். மகள் என் சுண்டு விரலைப் பிடித்துக்கொண்டு என் பக்கத்திலேயே நின்றிருந்தாள்.

"நான் சரியாத்தான் சொன்னேன்" என்றாள் அவள். "எங்கம்மா காத்தாடி றெக்கை சரி பண்ணுதா. எங்கப்பா தடங்கல்."