நேவி ஆட்டத்தில் மண்ணள்ளிப் போட்ட மாமாவுக்கு

நெப்ராஸ்காவில் சோளமும் அரசியலும் செழிக்க வாழும் மதிப்பிற்குரிய ஆர்வில் மாமாவுக்கு, குவாம் தீவின் அமெரிக்கப் படை வானொலியில் பூட்டிய அறைக்குள் உட்கார்ந்திருக்கும் மருமகன் லைல் பணிவுடன் எழுதுவது. நான் உயிரோடு இருக்கிறேன். இது எழுதும் வரைதான் உத்தரவாதம்.

"என் வரிப்பணத்தில் எதிர்க்கட்சிப் பேச்சா?" என்று நீங்கள் வாஷிங்டனுக்குப் புகார் எழுதினீர்கள். அதே மேசையில் காபி குடித்துக்கொண்டே வெர்னா அத்தை, உங்கள் கட்சிப் பேச்சுதான் அதிகம் என்று இன்னொன்று எழுதினார். இரண்டும் எங்கள் நிலையத்துக் கமாண்டர் ப்ருவிட் தலையில் விழ, அவர் அப்படியே என் தலைக்கு மாற்றிவிட்டார். வாராவாரம் இரு கட்சிக்கும் நிமிடம் பிசகாமல் சம அளவு நேரம் தர வேண்டுமாம். ஞாயிறு விடிந்ததும் கணக்கு வாஷிங்டன் போக வேண்டும். நானும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன் மாமா! வியாழனன்று புயலில் கரண்ட் போய், அத்தை கட்சிக்காரர் பேச்சில் இருபது நிமிடம் காற்றோடு போயிற்று. அதை ஈடுகட்ட மிச்சமிருந்தது ஒரே இடம். ஞாயிறு விடியலில், தரைப்படைக்கும் கடற்படைக்கும் வருடத்துக்கு ஒருமுறை நடக்கும் ஃபுட்பால் ஆட்டத்தின் கடைசிக் கட்டம்!

"சார், இது நேவி தீவு சார்! நம்ம பசங்க நாலு பாயின்ட் முன்னாடி இருக்காங்க சார்!"

"வரி கட்டுறவன் கேப்பான்டா. நிறுத்து."

நிறுத்தினேன். "ஜெயிக்கப் போறோம்!" என்று தீவே தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தபோது, பண்ணை மானியம் பற்றி அத்தை கட்சிக்காரர் பேச ஆரம்பித்தார். ஐந்தே நிமிடத்தில் வாசலில் படையே திரண்டுவிட்டது. இத்தனை நாள் சாப்பாட்டுக் கூடத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காத இரண்டு கட்சிக்காரர்களும் தோளோடு தோள் நிற்கிறார்கள், மாமா! முன்னால் கரண்டியோடு சமையல்காரர் தைத்தானோ.

"வெளியே வாடா லைலு! வெற்றிக் கேக் சுட்டு வச்சிருக்கேன், முதல்ல உன்னைச் சுடுறேன்!"

கமாண்டர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "ரெண்டு பக்கமும் உன்னை ஒரே அளவு திட்டுது. இதான்டா சமநிலை!" என்று பூரித்துப்போனார். மாமா, உங்கள் காலில் விழுகிறேன், புகாரை உடனே திரும்பப் பெறுங்கள். அத்தையையும் பெறச் சொல்லுங்கள். கதவின் கீல் ஆடுகிறது.

உங்கள் சோளத்துக்கு நல்ல விலையும், உங்கள் இருவருக்கும் தனித்தனி மேசையும் கிடைக்க வேண்டுகிறேன்.

அன்பு மருமகன்,
லைல்

பி.கு.: இப்போதுதான் செய்தி அச்சாகும் பொறியில் முடிவு வந்தது. நான் நிறுத்திய பிறகு தரைப்படை ஜெயித்துவிட்டதாம். ஜன்னல் வழியாக உரக்கப் படித்தேன். தைத்தானோ கரண்டியைக் கீழே போட்டார். "அந்தக் கண்றாவிய நம்ம காதால கேக்க விடாம காப்பாத்திட்டியேடா, ராசா!" இதோ கேக் ஜன்னல் வழியாக வருகிறது. ஆகவே மாமா, புகாரைத் திரும்பப் பெறவே வேண்டாம். அடுத்த வருட ஆட்டத்துக்கு முன் இன்னொன்று எழுதிவிடுங்கள். நேவி தோற்கிற மாதிரி இருந்தால் மட்டும் அனுப்புங்கள்.