அறிமுகமில்லாத முகம்

நெருங்கி உட்காருங்கள். இன்னும் கொஞ்சம். உள்ளே என் மனைவி பாகீரதி பாக்கு உரிக்கிறாள். அவள் காதில் விழக் கூடாது.

கன்னட மலைநாட்டில் எங்கள் சிர்சிப் பக்கம் மழை பிடித்தால் பாக்குக் காய் அழுகி உதிரும். அதற்குள் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த மருந்தைக் குலை குலையாக அடித்தாக வேண்டும். அந்தக் கலவையைக் கற்றுக்கொடுக்க எங்கள் பாக்கு விவசாயிகள் சங்கம் போனில் வகுப்பு வைத்தது. தேறுகிறவர்தான் ஊருக்கே மருந்து ஆசிரியர். நான் விடுவேனா? பெயர்க் கட்டத்தில் ‘ஹெக்டே’ என்று மட்டும் போட்டேன். எந்த ஹெக்டே என்று கேட்க எவனுக்குத் தைரியம்?

பக்கத்துத் தோட்டத்து மஞ்ச பட்டரிடம் மார்தட்டினேன்.

“பட்டரே, இனிமே பள்ளிக்கூடம் சட்டைப் பையில. கரும்பலகை, பெஞ்சு எல்லாம் அடுப்புக்கு!”

“சிக்னல் எங்க கிடைக்குது, ஹெக்டே?”

“மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால, பாறை மேல.”

“அப்ப பள்ளிக்கூடம் பையில இல்ல. சாணிக்குப் பக்கத்துல.”

முதல் நாள் பாறை ஏறினேன். போன் வாத்தியார் பேசப் பேச எனக்குக் கண் சொருகியது. “இருக்கீங்களா? தொடவும்” என்றார். தொட்டேன். மறுபடி சொருகியது. மறுபடி தொட்டேன். அவருக்கு என் விரல் போதும், மூளை வேண்டாம் என்று அப்போதே விளங்கிவிட்டது. விரல்தான் என்றால் யார் விரலாய் இருந்தால் என்ன?

“பாகீரதி, பாறை மேல பலா அப்பளம் காயப் போடுறியே, அப்படியே இதையும் பாத்துக்கோ. ‘இருக்கீங்களா’ன்னா ஒரு தட்டு.”

“யாரை இருக்கீங்களான்னு கேக்குது?”

“என்னைத்தான்.”

“நீங்க எங்க இருப்பீங்க?”

“பட்டர் வீட்டுல. சீட்டு.”

“சரிங்க. அப்பளத்தைக் காக்கா கொத்தாம பாத்துக்கிறேன். உங்க படிப்பையும்தான்.”

பாடம் கேட்காமலே பாடம் முடிக்கும் வித்தை! என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன். வருகை முழுசு. வாசலில் பலகையே மாட்டிவிட்டேன்: ‘ஹெக்டே, மருந்து ஆசிரியர்.’

தேர்வு நாளில் சால்வை போர்த்திப் பாறை ஏறினேன். வேடிக்கை பார்க்கப் பட்டர். பதில்களைப் பின்னாலிருந்து பாகீரதி முணுமுணுப்பதாக ஏற்பாடு.

போன் என்னை உற்றுப் பார்த்தது. “அறிமுகமில்லாத முகம். மாணவரை அழைக்கவும்.”

“நான்தாங்க மாணவர்!”

“அறிமுகமில்லாத முகம்.”

தலை வாரினேன். சிரித்துக் காட்டினேன். பாகீரதியின் முந்தானையை இழுத்துத் தலையில் போட்டும் பார்த்தேன். மீசை காட்டிக்கொடுத்தது. பட்டர் அப்பளத்தின் மேலேயே உட்கார்ந்து சிரித்தார்.

“என்னடி பண்ணே?”

“ரெண்டாம் நாளே மூஞ்சியைக் காட்டச் சொல்லிச்சு. நீங்க சீட்டாடப் போயிட்டீங்க. உங்க மூஞ்சிக்கு நான் எங்க போவேன்? என்னோடதைக் காட்டினேன்.”

“அப்பவே சொல்லக் கூடாதா?”

“தட்டத்தானே சொன்னீங்க? பேசச் சொல்லலையே. நகருங்க, தேர்வுக்கு நேரமாச்சு.”

உட்கார்ந்தாள். பார்த்தால், அப்பள முறத்துக்குப் பின்னால் வாளியில் கலவை தயாராக இருக்கிறது! போனில் ஒரு டீச்சரம்மா வந்தார்.

“கலவை சரியா வந்திருக்குன்னு எப்படித் தெரியும்?”

மினுக்கிய அரிவாளை முக்கி எடுத்துக் காட்டினாள். “துத்தத்துல இருக்கிற செம்பு அரிவாள்ல படிஞ்சா, சுண்ணாம்பு பத்தலைம்மா. பாருங்க, படியலை.”

என் நெஞ்சு இரண்டு அங்குலம் விரிந்தது. “பாத்தீரா பட்டரே? யார் போட்ட ஏற்பாடு!”

ஹெக்டே தேறியதாகச் சங்கம் அறிவித்தது. வாசல் பலகையை மாற்ற வேண்டியிருக்கவில்லை.

மழைக்கு முன்னால் எங்கள் தோட்டத்தில் ஊரே கூடியது. போனில் படம் காட்டி, கையால் கலந்து, அவள் பாடம் நடத்தினாள். நாளைய படிப்பு இப்படித்தான், போன் பாதி கை பாதி என்று பட்டருக்கு விளக்கிக்கொண்டே முன்வரிசையில் சாய்ந்தேன். கண் சொருகியது.

“இருக்கீங்களா?”

பதறி நிமிர்ந்தேன். “இருக்கேன், இருக்கேன்!”

மயில்துத்த நீலம் ஏறிய கட்டைவிரலால் என் நெற்றியில் ஒரு தட்டு தட்டினாள்.