இன்டர்ஃபெரான் சங்கும் கீரியின் கையெழுத்தும்

ஒரு காட்டில் என்றதும் எந்தக் காடு என்று கேட்பீர்கள். டவுன் பஸ் கண்டக்டர் இருதயராஜின் ரத்தத்தில் மிதந்துகொண்டிருந்த ஒரு வெள்ளணுதான் அந்தக் காடு. அங்கேயும் மிருகங்கள் பேசும். ஆபீஸ் உண்டு, ஜெராக்ஸ் கடையும் உண்டு.

ஒரு நாள் யாரோ ஒரு பயணி தும்ம, வைரஸ் நரி ஒன்று உள்ளே வந்தது. நேராக ஜெராக்ஸ் கடை முயலிடம் போய் ஒரு தாளை நீட்டியது.

"ஆயிரம் காப்பி போடுங்க தம்பி."

முயல் போட்டது. இயந்திரத்திலிருந்து விழுந்த ஒவ்வொரு காப்பியும் நரியாக எழுந்து நின்றது.

மரத்திலிருந்த காக்கை அந்தத் தாளைப் பார்த்தது. இரட்டையாக ஒட்டிய தாள். அந்தக் காட்டில் அப்படி ஒன்று கிடையாது. ஆபீசுக்குப் பறந்து விஷயத்தைச் சொன்னது.

ஆபீசில் ஒரு பெரிய பதிவேடு. அதில் ஒரு பக்கம், வைரஸ் வந்தால் எச்சரிக்கும் இன்டர்ஃபெரான் சங்கு செய்யும் முறை. அந்தச் சங்கு ஊதினால் பக்கத்துக் காடுகள் கதவைச் சாத்திக்கொள்ளும். ஆனால் கீரி, உடும்பு, அணில் ஜோடி என்று மூன்று தரப்பும் ஒன்றாக வந்து கையெழுத்துப் போட்டால்தான் எழுத்தர் நாரை அந்தப் பக்கத்தைத் திறந்து படியெடுப்பாள்.

கீரி முதலில் ஓடிவந்தது. "நான் போட்டுட்டேன். திறங்கம்மா."

"மத்தவங்களும் வரணும் ஐயா."

"அதுக்குள்ள காடு போயிடும்."

"உங்க ஒருத்தர் பேச்சைக் கேட்டுத் திறந்தா, எறும்பு கடிச்சாலும் சங்கு ஊதணும்" என்றாள் நாரை.

அணில்கள் சண்டை போட்டபடியே வந்தன. உடும்பு தூங்கிக்கொண்டிருந்தது. வாலில் முத்திரை குத்தினால்தான் அதை ஆபீசுக்குள் விடுவார்கள். காக்கை, முத்திரை குத்தும் குரங்கைத் தேடிப் பிடித்துக் குத்த வைத்து, உடும்பை இழுத்துவந்தது. அதற்குள் நரிகள் பாதி மரங்களைச் சாய்த்துவிட்டன.

மூன்று கையெழுத்தும் விழுந்தன. நாரை படியெடுத்தாள். சங்கு ஊதியது.

நரிகள் பக்கத்துக் காட்டுக்கு ஓடின. கதவு சாத்தியிருந்தது. அடுத்த காட்டிலும் அப்படியே. போக இடமில்லாமல் அலைந்தே செத்தன.

கீரிக்கு மாலை போட்டார்கள். அது கீரிக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. மறுநாளும் மற்றவர்களைக் கூட்டிக்கொண்டு வந்தது.

"எதுக்கும் இன்னொரு தடவை ஊதிடுவோம்."

அதற்கு அடுத்த நாளும் வந்தது. சங்கும் ஊதிக்கொண்டே இருந்தது. எங்கேயும் நரி இல்லை. ஆனாலும் கதவைச் சாத்திய காடுகள் வேலையில்லாமல் பட்டினி கிடந்தன. இருதயராஜ் காய்ச்சலும் மூட்டுவலியுமாகப் படுத்துக் கிடந்தார். டிக்கெட் கிழிக்கக்கூடக் கையில் தெம்பில்லை.

நான்காம் நாள் நாரை இன்னொரு தாளையும் நீட்டினாள். "இதுலயும் ஒண்ணு போட்டுடுங்க ஐயா."

கீரி படிக்காமலே போட்டது. உடனே ஓர் ஆமை வந்து அதன் முதுகில் ஏறி உட்கார்ந்தது.

"என்னம்மா இது?"

"நீங்க கையெழுத்துப் போட்ட உத்தரவுதான் ஐயா. உங்க மேல உட்கார ஓர் ஆமை நியமனம்."

"எவ்வளவு நேரம் உட்காரும்?"

"அடுத்த நரி வர்ற வரைக்கும்."

ஆமையைச் சுமந்துகொண்டு கீரியால் மறுபடி ஆபீஸ் படியேற முடியவில்லை. சங்கு நின்றது. காடுகள் கதவைத் திறந்தன. இருதயராஜ் எழுந்து கஞ்சி குடித்தார். திங்கட்கிழமை டூட்டிக்குப் போனார்.

நீதி: ஊரைக் காப்பாற்றியவனுக்கு மாலை போட்ட கையோடு முதுகில் ஓர் ஆமையையும் ஏற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் நாளைக்கும் காப்பாற்ற வந்துவிடுவான்.