மேலிருந்து ஊற்றிய வைத்தியம்

மாதாமாதம் வரும் வயிற்றுவலியைப் பற்றி வெளியில் மூச்சு விடக்கூடாது என்று சொல்லித்தான் எங்களை வளர்த்தார்கள். அறுபதுகளில், பம்பாய் மாட்டுங்காவில் ஒற்றை அறை வீடுகள் வரிசையாக இருந்த ஒரு சாலில், இந்த ரகசியத்தைக் காப்பாற்ற அம்மா அருமையான ஏற்பாடு வைத்திருந்தாள். மூன்று நாளும் நான் வீட்டுக்கு வெளியே உட்கார வேண்டும். ஒற்றை அறை வீட்டுக்கு வெளியே என்றால் பொது வராந்தா. மாடியில் குடியிருந்த அத்தனை பேரும் என்னைத் தாண்டித்தான் குழாய்க்கும் கக்கூஸுக்கும் போவார்கள். (ரகசியம் அவ்வளவு பத்திரம்.)

எனக்குப் பதினைந்து வயது. மறுநாள் பள்ளிக்கூடக் கோ-கோ இறுதி ஆட்டம். ஓட்டத்தில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று எனக்கு நானே முடிவுகட்டியிருந்த காலம். அன்று பார்த்து இடுப்பு கழன்று விழுவதுபோல் வலி.

"அம்மா, பாட்டில்ல வெந்நீர் ரொப்பித் தாயேன். வயித்துல வெச்சுக்கறேன்."

"நீ தொட்ட பாட்டிலை நான் திரும்ப எங்கேடி வெக்கறது?" என்றாள் அம்மா.

ஆக, என்னைத் தொடாமல் மேலிருந்து டம்ளரில் ஊற்ற முடிந்தது மட்டுமே மருந்து. அடுத்த வீட்டு மாமி வெந்தய மோர் ஊற்றினாள். வஹினி, அதாவது அண்ணி, என்று நாங்கள் கூப்பிட்ட மராத்திக்காரி ஓமக் கஷாயம் ஊற்றினாள். குஜராத்தி பென் (அவர்கள் பாஷையில் அக்கா), நாளைக்கு நான் நன்றாக ஓடுவேன் என்று ஹிந்தியில் ஆசீர்வதித்து, டீயில் விளக்கெண்ணெய் கலந்து ஊற்றினாள். ஆட்ட ஆசையில் நான் எதையும் மறுக்கவில்லை.

மறுநாள் காலை பென்னின் வாக்கு பலித்தது. ஓடினேன், வராந்தாவின் கோடிவரை. மாடிக்கே இருந்த ஒரே கக்கூஸை விட்டு வெளியே வந்தால், நாலடி வைப்பதற்குள் திரும்ப ஓடுவேன். ஆபீஸ் போகும் ஆண்கள் கையில் தண்ணீர் டப்பாவோடு வரிசையில் தவித்தார்கள். அடுத்த வீட்டு மாமா தன் வழக்கமான லோக்கல் ரயிலைத் தவறவிட்டார். அதற்கடுத்ததையும் விட்டார்.

"லேட்டுக்கு ஆபீஸ்ல நான் என்னன்னு காரணம் சொல்றது?" என்று அம்மாவிடம் கேட்டார். "இனிமே அந்தக் கொழந்தையை உள்ளேயே வெச்சுக்கோங்கோ. வெளியில விட்டா ஆளாளுக்கு ஊத்தறா."

நான் இல்லாமல் எங்கள் பள்ளி தோற்றது. உள்ளே பாயில் சுருண்டு, சுவர்ப்பக்கம் திரும்பி அழுதேன். அம்மா பாட்டிலில் வெந்நீர் நிரப்பி, துண்டில் சுற்றி, தன் கையாலேயே என் வயிற்றில் வைத்தாள். அரைமணியில் வலி அடங்கியது. அதற்காகவும் கொஞ்சம் அழுதேன்.

எங்கள் வீட்டில் வெளியே உட்காருவது அன்றோடு நின்றது. பெண்கள் படும் பாட்டை நினைத்து யாரும் மனம் மாறிவிடவில்லை. ஆண்களுக்கு ரயில் தவறியது, அவ்வளவுதான். இப்போதும் வயிறு வலித்தால், இந்தக் கதையைக் கேட்டு வளர்ந்த என் பெண் வெந்நீர்ப் பை வேண்டும் என்று கேட்பதில்லை. "அம்மா, மாமாவுக்கு ட்ரெயின் போயிடும்" என்பாள். நான் எழுந்து அடுப்பைப் பற்றவைப்பேன்.