கயித்தான் மோத்தாவும் மாஜிக் லாந்தரும்

தூத்துக்குடி,
விய வருஷம் ஆவணி 12
(28-8-1946)

மகா ராஜ ராஜ ஸ்ரீ அத்தான் அவர்கள் சமூகத்துக்கு ஆவுடையப்பன் அநேக நமஸ்காரம். இவ்விடம் நானும் என் குடையும் க்ஷேமம். அவ்விடம் தாங்களும் அக்காளும் குழந்தைகளும் க்ஷேமமென்று நம்புகிறேன். மழை இல்லை. உப்பளக் காற்று மட்டும் வேளை தவறாமல் வீட்டுக்கு வந்து போகிறது.

நிற்க. தங்கள் ஆபீசில் சொல்லி எனக்கு எப்படியாவது திருநெல்வேலிக்கு மாற்றல் வாங்கித் தர வேண்டும். காரணம் கயித்தான் மோத்தா. எங்கள் பள்ளிக்கூடத்து நாலாம் வகுப்பு வாத்தியார், மாதா கோயில் தெருக்காரர், என்னைவிட மூத்தவர். பள்ளிக்கு ஒரு மாஜிக் லாந்தர் வந்தது. கண்ணாடிப் படத்தைச் செருகி விளக்கேற்றினால் சுவரில் பெரிதாக விழுமே, அதுதான். இன்ஸ்பெக்டர் வருவதற்குள் கயித்தான் அதில் பாடம் நடத்தப் பழகாவிட்டால் வகுப்பைப் பிடுங்கிவிடுவதாக ஹெட்மாஸ்டர் மிரட்டி, பழக்குகிற பாரத்தை என் தலையில் கட்டினார். வீட்டுக்காரி காலமானதிலிருந்து எனக்குச் சாயங்காலத்தில் வேலை இல்லை என்பது ஊருக்கே தெரியும்.

தினமும் லாந்தரோடு என் வீட்டுக்கு வந்துவிடுவார். முதல் நாள் செருப்பைக் கழற்றிப் போட்டு, லாந்தர் முன்னால் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார். மறுநாள் அதன் புகைபோக்கியைத் தொட்டு விரலைச் சுட்டுக்கொண்டு, இது கடிக்கிறது என்று புகார் சொன்னார். படத்தைத் தலைகீழாகச் செருகினால்தான் அத்தான், சுவரில் நேராக விழும். மனுஷன் அதற்கு மட்டும் இணங்கவில்லை. சுவரில் முத்துக்குளிக்கிறவர்கள் வள்ளத்துக்கு மேலே மூழ்கினார்கள். கெஞ்சிக் கூத்தாடி அவர்களைத் திருப்ப வைத்தால், அடுத்தாற்போல் மாதா கோயில் படம். கோபுரம் தரையைக் குத்திக்கொண்டு நிற்கிறது. இவர் கையைக் கட்டிக்கொண்டார்.

“மாதா கோயிலைத் தலைகீழாப் பிடிக்கச் சொல்லுதீரே சார். நாளைக்கு எந்த மூஞ்சியோட அவ முன்னால போய் நிப்பேன்?”

நான் சைவன், நான் பிடிக்கிறேன் என்றேன். அந்தப் பாவமும் தம் பேரில்தான் ஏறும் என்றார். இதற்கு நடுவே உபசாரம் வேறு. இருக்கிற ஒரே தம்ளர் அவருக்கு, எனக்குச் செம்பில் காப்பி. அவர் சம்சாரம் ரோஸ் அம்மாள் மக்ரூன் என்கிற முந்திரிப் பலகாரம் கொடுத்தனுப்புவார். அதில் முட்டை உண்டென்பதை அக்காளிடம் சொல்ல வேண்டாம். கடைசியில் சயன்ஸ் புஸ்தகத்தைக் காட்டி, நம் கண்ணுக்குள்ளேயே எல்லாம் தலைகீழாகத்தான் விழுகிறது, மனசுதான் நிமிர்த்திக்கொள்கிறது என்றேன். புஸ்தகத்தை வாங்கி விளக்கடியில் பிடித்துப் பார்த்தார்.

“அப்போ பொறந்ததுலேருந்து மாதாவை அப்படித்தான் பாத்திருக்கேனா?”

“அவ ஒண்ணும் கோவிச்சுக்கிடலியே” என்றேன்.

இன்ஸ்பெக்டர் வந்த அன்று கண்ணை மூடி ஒரு ஜெபம் சொல்லிவிட்டுப் படத்தைத் திருப்பிச் செருகினார். கோயில் நிமிர்ந்து நின்றது. பிள்ளைகள் கைதட்டின. லாந்தரையே அவர் வகுப்புக்குக் கொடுத்துவிட்டார்கள்.

விட்டது சனியன் என்று தாங்கள் நினைக்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன். அதற்கப்புறம் அவர் வரவில்லை. காரியம் முடிந்தது, எதற்கு வருவார்? நான்தான் காப்பிக்கு இரண்டு பேர் தண்ணீரை வைத்துவிட்டு முழிக்கிறேன். வெறும் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். தனியாக இருக்க முடியவில்லை அத்தான். முன்பெல்லாம் பழகியிருந்தது, இந்த மனுஷன் வந்து அதைக் கெடுத்துவிட்டார். அங்கே வந்தால் அக்காள் வீட்டுச் சத்தமாவது காதில் விழும். தாமதிக்காமல் மாற்றலுக்கு ஏற்பாடு செய்யவும்.

அக்காளுக்கு நமஸ்காரம், குழந்தைகளுக்கு ஆசீர்வாதம். நெல்லையப்பரும் காந்திமதியும் தங்கள் வீட்டை நிறைவாக வைத்திருக்கட்டும்.

இப்படிக்கு,
ஆவுடையப்பன்

பி.கு.: கவரை ஒட்டப் போகும்போது வாசலில் கயித்தான், லாந்தரைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார். “சார், எல்லாம் மறுபடியும் தலைகீழா விழுது. ஒண்ணும் பிடிபடல” என்கிறார். செருகிக் காட்டச் சொன்னேன். இன்ஸ்பெக்டர் முன்னால் தப்பாமல் செய்த அதே கை, படத்தை நேராகச் செருகிற்று. என் முகத்தை அவர் பார்க்கவில்லை. இது லேசில் படியாது, தினமும் வர வேண்டியிருக்கும் என்று சொல்லிவிட்டேன். ஆகையால் மாற்றலைப் பற்றி யாரிடமும் வாய் திறக்க வேண்டாம். அக்காளிடம் சொல்லி ஒரு தம்ளர் மட்டும் அனுப்பி வைக்கவும்.