வளைவை ரத்து செய்த நகராட்சி

வியா மெதானோ நகராட்சிக்கு மக்கள்மேல் அக்கறை அதிகம். அந்தக் கடற்கரை மணல்மேடுகளில் சீறும் குவாட் வண்டிகளின், அதாவது நாலு சக்கர பைக்குகளின், முன்பக்க உயரத்தை அளப்பதற்கென்றே இந்தக் கோடையில் ஓர் இயக்குநரகம் திறந்துவிட்டார்கள்.

காரணம் இல்லாமல் இல்லை. போன வருடம் மணல்மேட்டுப் பந்தயத்தில் ஜெயித்தவன் வெளிநாட்டு ஷாக் அப்சார்பர் போட்டு முன்பக்கத்தை நாலு விரல் தூக்கியிருந்தான். உடனே ஊரே தூக்கிவிட்டது. முன்பக்கம் ஏறினால் பாரமெல்லாம் பின்னால் போய்விடும். முன் சக்கரம் மணலைப் பிடிக்காது. ஹேண்டிலை எவ்வளவு ஒடித்தாலும் வண்டி தன்பாட்டுக்கு நேரே போகும். ஆனால் பார்க்க என்ன கம்பீரம்! நாற்பத்தாறு வண்டிகள் மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றன.

ரொட்டிக்கடை சுலேமா மட்டும் தன் வண்டியில் கை வைக்கவில்லை. பதினொரு வருடமாக இரண்டாவதாகவே வருகிறவள் அவள். இந்த ஞாயிறு முதலாவதாக வந்தே தீருவது என்று வெறியோடு இருந்தாள். அதற்கு முதலில் இயக்குநரகத்தின் முத்திரை வேண்டும்.

இயக்குநர் தோன் ஹெனாரோ மாத்தே என்ற மூலிகைத் தேநீரை உறிஞ்சிக்கொண்டே அவள் வண்டியை நாடாவால் அளந்தார்.

"ஏம்மா, வண்டியில எதையோ மாத்தியிருக்கியே?"

"நான் ஒண்ணும் மாத்தலை சார். மத்தவங்கதான் மாத்தியிருக்காங்க."

"நாப்பத்தாறு வண்டி ஒரே உயரம். உன்னுது மட்டும் நாலு விரல் குறைச்சல். அப்ப மாத்தினது யாரு?"

"அவங்க வண்டி திரும்பாது சார்."

"திரும்பாதா?" பக்கத்தில் நின்ற உயர வண்டியின் ஹேண்டிலை ஒற்றை விரலால் தள்ளினார். "பாரு, எவ்வளவு லேசா திரும்புது. உன்னுதுக்கு ரெண்டு கை வேணும். ஆபத்தான வண்டி."

சுலேமா பேனாவை எடுத்தாள். 'மாற்றம் செய்யாமல் விட்டமைக்கான மன்னிப்பு விண்ணப்பம்' மூன்று பிரதி எழுதிக் கொடுத்து முத்திரை வாங்கினாள்.

சனிக்கிழமை ஒத்திகை. முதல் வளைவில் நாற்பத்தாறு வண்டிகளும் நேரே போய்த் தொத்திறைச்சிக் கடைக்குள் புகுந்தன. தோன் ஹெனாரோ ஸ்தலத்தைப் பார்வையிட்டு, குற்றம் வளைவின்மீதே என்று கண்டறிந்தார். "மேற்படி வளைவு இதனால் ரத்து செய்யப்படுகிறது" என்று சுற்றறிக்கை வந்தது. பந்தயம் இனி ஒரே நேர்க்கோடு. ஊர் கைதட்டியது.

ஞாயிற்றுக்கிழமை சுலேமாதான் முன்னால் பறந்தாள். எல்லைக்கோட்டின் நட்டநடுவே, சுற்றறிக்கைப்படி, மேசை நாற்காலி போட்டு, கொடியும் கையுமாக தோன் ஹெனாரோ நின்றார். கோட்டுக்குப் பத்தடி இருக்கும்போது அவளுக்கு மனசு கேட்கவில்லை. ஒரே ஒடி ஒடித்து, அவரைச் சட்டைக் காலரோடு அள்ளி ஓரத்தில் போட்டாள். பின்னால் வந்த நாற்பத்தாறும் அவருடைய மேசை, நாற்காலி, கோப்புகள் எல்லாவற்றின்மேலும் ஏறிக் கோட்டைக் கடந்தன.

"என் உயிரக் காப்பாத்திட்டியேம்மா" என்று தோன் ஹெனாரோ அழுதேவிட்டார். பிறகு வாயிலிருந்த மணலைத் துப்பிவிட்டு எழுதினார்: பாதையிலிருந்து திரும்பிய குற்றத்துக்காகத் தகுதி நீக்கம்.

"திரும்பலைன்னா உங்கள இடிச்சிருப்பேனே சார்."

"இடிச்சிருந்தா முதல் பரிசு. என்ன பண்றது, விதி அப்படி."

திங்கட்கிழமை காலை ஷாக் அப்சார்பர் கடை வாசலில் முதல் ஆளாக நின்றாள் சுலேமா.

"அக்கா, நீங்களுமா? இத மாட்டினா வண்டி திரும்பாதே" என்றான் கடைக்காரன்.

"திரும்ப வேண்டாம்ப்பா. அடுத்த வருஷமும் அவருதான் கொடி புடிக்கிறாரு."