ரெக்கார்டுக்கு வைத்த பொட்டு

பக்தி தப்பில்லை. எதன் மேல் தடவுகிறோம் என்று பார்த்துத் தடவ வேண்டும். இதை நான் சம்பந்தம் பேச வந்தவர்கள் முன்னால்தான் கற்றுக்கொண்டேன்.

போடியில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறேன். படிப்பு எட்டாவது. இளவயதில் ஏலத்தோட்டத்து பங்களாவுக்குச் சாமான் கொண்டுபோனபோது கேட்ட ராக் அண்ட் ரோல் பாட்டு காலில் ஏறிக்கொண்டது, இன்னும் இறங்கவில்லை. (வார்த்தை புரியாது. கோயிலில் ஐயர் சொல்வதும்தான் புரிவதில்லை, மனசு நிறைகிறதே!) பக்கத்துக்கு ஒரே பாட்டு இருக்கும் அந்தச் சின்ன ரெக்கார்டுகளைப் பழைய சாமான் கடைகளில் தேடித் தேடிச் சேர்த்தேன்.

மகள் மீனாவைப் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையின் அப்பாவுக்கும் அதே கிறுக்கு. தேனியில் இரும்புக்கடை. பெண்ணைப் பார்த்ததைவிட என் அலமாரியைத்தான் அதிகம் பார்த்தார். மறுவாரம் தன்னிடமிருந்த அருமையான ரெக்கார்டு ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார்.

"கேட்டுட்டு வைங்க. விஜயதசமிக்கு நிச்சயம் பண்ண வர்றப்ப வாங்கிக்கிறேன். பத்திரம்ணே."

முந்தின நாள் ஆயுதபூஜை. தராசு, சைக்கிள், அரிவாள்மணை என்று பொட்டு வைத்துக்கொண்டே வந்த கை, ரெக்கார்டு பிளேயரோடு நிற்கவில்லை. சம்பந்தி வீட்டு ரெக்கார்டுக்குக் கூடுதல் மரியாதை. கெட்டிச் சந்தனம், மேலே குங்குமம், இரண்டு பக்கமும். நடுவில் பாடியவர் பெயர் இருந்தது. அதை மறைக்கக் கூடாதென்று (என்ன ஒரு புத்தி!) கோடு ஓடும் இடமாகப் பார்த்து வைத்தேன்.

மறுநாள் வந்தார்கள். தாம்பூலம் தயார்.

"ஒருக்கா அந்தப் பாட்டக் கேட்டுட்டுத் தட்ட மாத்திக்குவோமே," என்றார் சம்பந்தி.

போட்டேன். முள் பொட்டில் ஏறியது. பாடியவர் "பேபி" என்றார். மறுபடி "பேபி". அடுத்த வார்த்தைக்குப் போகவே மாட்டேன் என்று அடம்பிடித்தார். நான் வேட்டி முனையை நனைத்துத் துடைத்தேன். சந்தனம் கரைந்து கோட்டுக்குள் குடியேறியது. இப்போது பேபியும் போய், கரகரச் சத்தம் மட்டும்.

அவர் ரெக்கார்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அடுப்படி வாசலில் மீனா என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் மனசுக்குள் குச்சனூர் சனீஸ்வரருக்கு எள் தீபம் நேர்ந்துகொண்டேன்.

என் மனைவி மட்டும் வாயை மூடவில்லை. "தோசக்கல்லுக்குப் பொட்டு வச்சுப் பாத்திருக்கேன். பாட்டுக்குப் பொட்டு வச்ச மனுசன இங்கனதான் பாக்குறேன்!"

மாப்பிள்ளையின் அம்மா சிரித்துவிட்டார். புருஷனைப் பார்த்து, "எதுக்கு மூஞ்சியத் தூக்குறீக? இத்தன வருசத்துல என்னைய அதத் தொட விட்டீகளா? இவுக சாமியாவே கும்பிட்டிருக்காக. இந்த வீட்டுப் புள்ள நம்மள எப்படிப் பாத்துக்கிரும்னு நெனைங்க!" என்றார்.

அவர் ரெக்கார்டை மெல்லக் கீழே வைத்தார்.

"சரிண்ணே. பொண்ணக் குடுங்க. இனிமே பொட்டு வைக்கிறத நாங்க பாத்துக்கிறோம்."

அந்தச் சனிக்கிழமையே குச்சனூரில் தீபம் ஏற்றினேன். இப்போது பேரன் நடக்கிறான். வீட்டுக்கு யார் வந்தாலும் இந்தக் கதையை ஆரம்பித்து, சொன்னதையே சொல்லிக்கொண்டிருப்பேன். உள்ளேயிருந்து மனைவி குரல் வரும்:

"பொட்டுல ஏறிட்டாக! யாராச்சும் முள்ளத் தூக்கி விடுங்கப்பா!"